மாடி ரூமில் மஞ்சள் விளக்கு

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். நாய் ஒண்ணும் பண்ணாது, பின்னாடி மாட்டுக் கட்டுத்தரையில கட்டித்தான் போட்டிருக்குது. இப்படி ஃபேனுக்கு அடியில வந்து உக்காருங்க. வெயிலு என்ன கொளுத்துது பாருங்க.

நான் எந்திரிக்கலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. மொழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சுங்க. இந்தச் சேரு, அந்த பாத்ரூம், வாசல்ல கேட்டு வரைக்கும், அவ்வளவுதான் என்ற ராஜ்ஜியம். மாடிப்படி ஏறி வெகு நாளாச்சு. அதுக்குத்தானுங்க இந்த நெட்டு, கேமரா எல்லாம். கால் போகாத எடத்துக்குக் கண்ணாவது போகட்டும்னு.

நெட்டு பார்க்க உங்களுக்கு முன்னாடி வந்தவங்க ஆளுக்கு ஒண்ணச் சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தன் செவுருன்னான். ஒருத்தன் மரம்னான். ஒருத்தன் ஒண்ணுமே சொல்லாம பொட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு, சரியாப் போச்சுங்கன்னு கெளம்பிட்டான். உங்களப் பார்த்தா வெவரமான ஆளாத் தெரியுது. அதனால மொதல்ல இருந்து சொல்லீர்றேன், சாவுகாசமாக் கேளுங்க.

பொட்டி மொத்தம் நாலுங்க. இதோ டிவி பக்கத்துல இருக்கறது பெரிய பொட்டி, லைன் இதுக்குத்தான் வருது. மாடிப்படி திரும்பற எடத்துல ஒண்ணு. பின்னாடி தறிச் செட்டுக்கிட்ட ஒண்ணு. மாடி ரூமுல ஒண்ணு. ஒண்ணு வாங்கி அடுத்ததுக்குக் கைமாத்தி விடுமாம். நீல வெளக்கு எரிஞ்சா நல்லா இருக்குதுன்னு அர்த்தம், மஞ்சள்னா பலம் பத்தல, செவப்புன்னா அத்துப்போச்சு. பாருங்க, உங்களுக்கே பாடம் எடுக்கறேன். அந்த நெறம் இந்தப் போன்லயும் காட்டும். மூணு பொட்டியும் நீலம். மாடி ரூமு மட்டும் மஞ்சள். எந்நேரமும் மஞ்சள். அங்க இருக்கற கேமரா நின்னு நின்னுதான் வரும். ஒருக்கா நின்னா நின்னதுதான், போட்டோ மாட்டி வெச்ச மாதிரி.

இதுல ஒரு கூத்து என்னன்னா, உங்கள மாதிரி ஆளுக வந்து பார்க்கறப்ப மட்டும் நீலமா எரியும். அவங்க வண்டி அந்தத் திருப்பம் தாண்டல, மஞ்சள். நான் என்னமோ பொய் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும். இன்னைக்கு நீங்க சொல்லாம கொள்ளாம வந்தீங்களா, அது மஞ்சள்லயே மாட்டிக்கிச்சு. நல்லதாப் போச்சு.

காப்பி குடிப்பீங்கல்ல? கோகிலா! தம்பிக்குக் காப்பி கொண்டா. என்ற சம்சாரங்க.

உங்களுக்கு எந்த ஊருங்க தம்பி? ஓ, அங்கயா. நம்ம ஆளுக நெறையப் பேரு இருக்கறாங்களே அங்க. நீங்க ஊர்ல எந்தப் பக்கம்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியா. சரி சரி. அப்பாரு என்ன பண்றாரு? அப்படீங்களா. இல்லீங்க, சும்மாதான் கேட்டேன். ஆளு யாருன்னு தெரிஞ்சா பேசறதுக்கு ஒரு தோது. கோகிலா! தறிக்காரங்களுக்கு வாங்குன பேப்பர் கப்பு இருக்குது பாரு, அதுலயே ஊத்திக் கொண்டா.

எங்க விட்டேன்? ஆ, நெட்டு.

என்ற மக வைஷாலி, ஒரே புள்ளைங்க. கோயமுத்தூர்ல காலேஜு. தெனமும் காலேஜு பஸ்ஸுலயே போயிட்டு வந்துரும். அவங்கம்மா விடியாலயே எந்திரிச்சு சோறு கட்டுவா. சூடு ஆறாத பையின்னு விக்கறாங்களே, உள்ள வெள்ளித்தாளாட்ட பளபளன்னு இருக்கும், அதுல வெச்சுக் குடுத்து, பஸ்ஸு போற வரைக்கும் கேட்டுல நிப்பா. அப்படிச் செல்லமா வளர்த்தது. படிப்பும் நல்ல படிப்பு. முடிச்ச கையோட எங்கண்ணன் பசங்க வந்து சொல்றாங்க, சித்தப்பா, உங்க புள்ளைய ஒருத்தனோட பஸ் ஸ்டாண்டுல பார்த்தோம்னு.

அவன் பேர நான் சொல்ல மாட்டேன். இந்த ஊட்டுல அந்தப் பேரு வரப்படாது.

நான் அடிக்கலைங்க தம்பி. எங்கூட்டுல பொண்டு புள்ளைங்கள அடிக்கற பழக்கமே கெடையாது. போனை மட்டும் வாங்கித் தண்ணித் தொட்டியில போட்டேன். மாடி ரூமுல ஏசி இருக்குது, பாத்ரூம் உள்ளயே இருக்குது, அதுலயே இருந்துக்க அம்மிணின்னு சொன்னேன். ஜன்னலுக்குக் கம்பி அடிச்சோம். கதவுக்கு வெளிய ஒரு தாப்பாள் போட்டோம். வேளாவேளைக்கு அவங்கம்மா சோறு கொண்டு போவா. ஒரு கொறையும் வெக்கலைங்க. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான். நல்ல எடமாப் பார்த்து முடிக்கிற வரைக்கும்.

கேமரா போடச் சொன்னது எங்கண்ணன்தான். பெரியவரு. அவருக்கு இதுல ஒரு அனுபவம் இருக்குதுங்க.

அது பழைய கதை. அவரு மக சுகந்தி. அதுவும் இப்படித்தான், ஒருத்தனோட போயி எங்கயோ கோயில்ல தாலி கட்டிக்கிச்சு. அண்ணன் ஒரு வார்த்தை கோவப்படல, தெரியுங்களா. நேராப் போனாரு. வா கண்ணு, ஊரறிய ஒருக்கா செஞ்சு வெச்சுர்றேன், அப்பன் மேல நம்பிக்கை இல்லியான்னு கூட்டிட்டு வந்தாரு. தோட்டத்துலதான் வெச்சிருந்தோம். கெணத்து மேட்டுல கால் வழுக்கிருச்சு. அப்படித்தான் எல்லாத்துகிட்டயும் சொன்னோம். அதாவது, அப்படித்தான் நடந்துச்சு.

ஏனுங்க, வேர்க்குதா உங்களுக்கு? ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்குங்க.

அந்தப் புள்ளையக் குளிப்பாட்டி சீலை கட்டி விட்டது கோகிலாதான். சித்தி மொறை இல்லீங்களா. ஊட்டுக்கு வந்தவ ரொம்ப நாள் வாயே தெறக்கல. நான் கூட டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாமான்னு பார்த்தேன். பொறவு தானாவே தையல் மிசின்ல போயி உக்காந்தா. அதுல புடிச்ச கிறுக்குதான் இந்த உறை தைக்கறது. பாருங்க, டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃபிரிட்ஜுக்குத் தலையில ஒரு தொப்பி, கேஸ் சிலிண்டருக்குப் பாவாடை. எங்கூட்டுல அம்மணமா ஒரு சாமான் நிக்க முடியாதுங்க. இந்த நெட்டுப் பொட்டி வந்ததும் நாலுக்கும் பூப்போட்ட துணியில நாடா வெச்சுத் தைச்சுப் போட்டுட்டா. தூசி அடையுமாம். பொம்பளைங்களுக்கு ஒரு வேலை வேணுமில்லீங்களா, சரி போகட்டும்னு விட்டுட்டேன்.

ஆக, கேமரா போட்டாச்சு. என்ற போன்லயும் தெரியும், அண்ணன் போன்லயும் தெரியும். அவரு தோட்டத்துல கட்டல்ல உக்காந்துக்கிட்டே பாப்பாரு. நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. அப்புறம் இந்த மஞ்சள் புடிச்சுது.

நான் சும்மா இருக்கற ஆளு இல்லீங்க. ஆயுசு முச்சூடும் தறி ஓட்டுனவன். ஓடற தறிகள்ல எதுல நூல் அத்துப் போச்சுன்னு சத்தத்துலயே சொல்லீருவேன். என்ற கண்ணையும் காதையும் தாண்டி இந்த ஊட்டுல ஒண்ணு நடக்காது. அதனால நானே எறங்கிட்டேன்.

மொதல்ல வந்தவன் தண்ணி இருந்தா அலை தாண்டாதுன்னான். படிக்கிட்ட வைஷாலி மீன் தொட்டி வெச்சிருந்துச்சு. மீனைக் கொண்டு போயி வாய்க்கால்ல விட்டுட்டுத் தொட்டியத் தூக்கிக் கடாசச் சொன்னேன். மஞ்சள்தான். அடுத்தவன் பக்கத்தூட்டு நெட்டு எடஞ்சல் பண்ணும்னான். பக்கத்துல ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு, சாதுவான மனுசன். வாத்தியாரே, உங்க பொட்டிய அணைச்சு வெய்யுங்கன்னேன். மகன் வெளிநாட்டுல இருக்கறான், வீடியோவுல பேசணும்ங்கறாரு. எங்கண்ணன் பசங்க போயி ஒருக்கா பேசுனாங்க. இப்ப ஒரேடியா அணைச்சுட்டாரு, எங்களப் பார்த்தா மொகத்தையும் திருப்பிக்கறாரு. அப்பவும் மஞ்சள்தான்.

பொறவு மரம்னாங்க. மழையில நனைஞ்ச எலை அலையக் குடிச்சுருமாம். ஜன்னலோரமா சப்போட்டா மரம், வைஷாலி பள்ளிக்கூடத்துல குடுத்தாங்கன்னு கொண்டாந்து வெச்சது, காய் புடிக்கற நேரம். வெட்டச் சொல்லிட்டேன். மேல இருந்து அந்தப் புள்ள கத்துன கத்து இங்க வரைக்கும் கேட்டுச்சு. கேமராவுல சத்தம் வரல, நேராக் கேட்டேன். மஞ்சள்தான். கடைசியா செவுரு. பழைய காலத்துக் கட்டடம், கல்லுச் செவுரு, கனம் ஜாஸ்தின்னான். கொத்தனாரு வந்து படிக்கட்டுக்கும் ரூமுக்கும் நடுவுல ஒரு ஆளு நொழையற அளவுக்குப் பொத்துட்டுப் போனாரு, கம்பி வலைய வெச்சு அடைச்சிருக்குது. ஊடே பல்லுப் போன வாயாட்ட ஆயிருச்சு. அப்பவும் அந்த வெளக்கு மஞ்சளாவேதான் எரிஞ்சுட்டு இருந்துச்சுங்க.

ஒவ்வொண்ணையும் இடிக்கறப்பவும் வெட்டறப்பவும் கோகிலா பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருப்பா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. அப்படியொரு அடக்கம்.

அன்னைக்கு மத்தியானம் நல்ல மழைங்க. நான் இதே சேர்ல போனைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன். புள்ள கட்டல்ல உக்காந்து ஜன்னலப் பார்த்துட்டு இருக்குது. அசையவே இல்ல. எனக்கு என்னமோ பண்ணிருச்சு தம்பி. எத்தனை அடம் புடிச்ச புள்ள, மனசு எறங்கி இப்படி அமைதியா உக்காந்திருக்குதேன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சு. அண்ணனுக்குப் போன் போட்டு, புள்ள சரிக்கு வந்துருச்சுண்ணா, மாப்பிள்ளையூட்டுக்காரங்கள வரச் சொல்லுங்கன்னு கூடச் சொல்லிட்டேன்.

நின்னு போன படம்ங்க அது. நான் எப்பவோ போன புள்ளையப் பார்த்து அழுதுட்டு இருந்திருக்கேன். சொன்னா யாருக்குப் புரியும் அந்த வேதனை.

தாப்பாள் எப்படித் தெறந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. மழைக்குக் கதவு ஊதி, ஆடி ஆடி நழுவியிருக்கணும். கோகிலா கீழ மாவாட்டிட்டு இருந்தா. கிரைண்டர் சத்தம் எனக்கு விடாமக் கேட்டுட்டே இருந்துச்சு. அவளுக்கும் ஒண்ணும் தெரியல, பாவம். எல்லாத்துக்கும் அந்த நெட்டுக்காரன்தான் காரணம். லிங்க் மட்டும் நல்லா இருந்திருந்தா என்ற மக இந்நேரம் ஒருத்தன் ஊட்டுல கௌரவமா இருந்திருக்கும்.

அவ்வளவு ஆன பொறவு இப்ப எதுக்கு லிங்க்குன்னு உங்களுக்குத் தோணும். காரணம் இருக்குது. கொஞ்சம் கிட்ட வாங்க.

புள்ள போறப்ப உடுத்துன துணியோட போயிருச்சு. காலேஜு சர்ட்டிபிகேட்டு, பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட்டு, ஆதாரு, எல்லாம் மாடி ரூமுப் பீரோவுல மேல்தட்டுல இருக்குது. சாவி என்ற அரணாக்கயித்துல. குளிக்கறப்பக் கூட அவுக்க மாட்டேன். அது இல்லாம அந்தப் புள்ளைக்கு எங்க வேலை கெடைக்கும்? எங்க போயி கல்யாணத்தப் பதிவாங்க? வந்துதான் ஆகணும். இல்லாட்டி யாரையாவது அனுப்பித்தான் ஆகணும். அதனால கேமராவ அப்படியே பீரோவப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்குது. கதவு அசைஞ்சா போதும், இங்கயும் தெரியும், அங்கயும் தெரியும். அண்ணன் பசங்க பைக்கோட தயாரா இருக்கறாங்க. கூட்டிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவாங்க. ஊட்டுக்கு இல்லீங்க. தோட்டத்துக்கு.

நான் பெத்த அப்பன் தம்பி. என்ன ஆசையாவா சொல்றேன்? ஆனா அண்ணன் ஒண்ணு முடிவு பண்ணிட்டா அதுக்கு மேல நான் பேசற வழக்கம் இல்ல.

அண்ணன் இப்பக் கொஞ்ச நாளா வேற மாதிரிப் பேசறாரு. சென்னியப்பா, உன்ற ஊட்டு ஓட்டை செவுத்துல இல்ல, ஊட்டுக்குள்ளயே இருக்குது, உன்ற பொண்டாட்டி மேல ஒரு கண்ணு வெய்யி, ஏதாவது தட்டுப்பட்டா எங்கிட்டச் சொல்லு, பொறவு நான் பார்த்துக்கறேங்கறாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கோகிலாவுக்குப் போனை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாதுங்கண்ணா, அவளப் போயின்னேன். அவரு சிரிக்கல.

வா கோகிலா. தம்பிக்குக் குடு. அட, எவர்சில்வர் டம்ளர்லயே கொண்டாந்துட்டியா? பேப்பர் கப்புன்னு கத்துனனே, காது கேக்கலயா? சரி, கொண்டாந்தது கொண்டாந்தாச்சு, குடிங்க தம்பி. இவளுக்கு இப்பெல்லாம் கவனமே பத்தறதில்ல.

என்ன சொல்றீங்க தம்பி, பீரோவா? பொட்டிக்குப் பக்கத்துல இரும்புப் பீரோ இருந்தா அலை அடைபடுமா? பாருங்க, இதை ஒருத்தனும் சொல்லல! நகர்த்திப் பார்த்தரலாமே. ஆனா கனங்க, தேக்குக் கட்டலாட்டக் கனம். உள்ள சாமான் எல்லாத்தையும் எடுத்தாத்தான் நகரும். இந்தா கோகிலா, சாவி. இரு, முடிச்சு அவுந்து வரட்டும். இந்தா. மேல போயிப் பீரோவக் காலி பண்ணி எல்லாத்தையும் கட்டல் மேல வெய்யி. பத்திரம், கலைச்சுப் போட்டறாத.

அப்பறம் தம்பி, நீங்க என்ன சொன்னீங்க, நாலு பொட்டியவும் ஒட்டுக்கா அணைச்சு, பெரிய பொட்டியில இருந்து ஒவ்வொண்ணா ஏத்தணுமா? செஞ்சுருங்க. அரைகுறையா வேண்டாம், சுத்தமா அணைச்சு மொதல்ல இருந்து வாங்க.

என்ன கோகிலா? கேளு, தம்பிகிட்டயே கேளு.

கேட்டீங்களா தம்பி அவ கேட்டத? எல்லாத்தையும் அணைச்சா திரும்ப வர எத்தன நேரமாகும் சாமின்னு! பொட்டி வந்த நாள்ல இருந்து அவ நெட்டப் பத்தி வாயத் தெறந்து கேட்டது இதுதான் மொதத் தடவை. நீங்க வந்த நேரம், அவளுக்கே ஆர்வம் வந்துருச்சு. கொஞ்ச நேரம் ஆகும் கோகிலா, நீ போ, பீரோவப் பாரு.

இங்க இருந்தே, உங்க போன்லயே அணைச்சுட்டீங்களா? அணைஞ்சுருச்சு. போன்ல எல்லாம் கருப்பாயிருச்சு. கேட்டு, கட்டுத்தரை, மாடி, ஒண்ணுமில்ல. எத்தனையோ நாளைக்குப் பொறவு இதுல பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம உக்காந்திருக்கேன். கை என்னமோ மாதிரி இருக்குதுங்க. தறியும் இன்னைக்கு ஓடல, ஊடே அமைதியாக் கெடக்குது.

இன்னொரு விசயம் தம்பி, இது உங்களுக்கு உதவுமான்னு பாருங்க. வெள்ளிக்கெழமை மட்டும் மாடி ரூமு நீலமா எரியும். காலையில இருந்து மத்தியானம் வரைக்கும். என்ன கணக்குன்னு தெரியல. வெள்ளிக்கெழமை கோகிலா ஊடு பூராத் தொடைச்சு, உறையெல்லாம் தொவைச்சுப் போட்டு, சாமி கும்பிடுவா. நான் அந்தச் சுத்தத்துக்குத்தான் லட்சுமி வர்றா, கூடவே நெட்டும் வருதுன்னு நெனச்சுக்குவேன். நீங்க ஏன் தம்பி காப்பியக் கீழ வெச்சுட்டீங்க? ஆறிப்போச்சா?

என்ன சத்தம் அது? பின்கதவு. நாய் கொலைக்கல பாருங்க, அப்பத் தெரிஞ்ச காலடிதான். கோகிலா மாட்டுக்குத் தண்ணி வெக்கப் போறாளாட்ட இருக்குது. பீரோவக் காலி பண்ணச் சொன்னா மாட்டுக்குப் போறா பாருங்க. சொன்னனே, கவனமே இல்ல.

ஆ, வந்துருச்சு. பெரிய பொட்டி நீலம். படிக்கட்டு, நீலம். தறிச் செட்டு, நீலம். மாடி? மஞ்சள். பார்த்தீங்களா? இதுதாங்க, இதேதான். இன்னைக்குத்தான் ஒரு ஆளு முன்னாடி கையுங்களவுமா மாட்டியிருக்குது. தம்பி, நீங்களே ஒருக்கா மேல போயிருங்க. படி ஏறுனதும் வலக்கைப் பக்கம். தாப்பாள் வெளியதான் இருக்கும். நான் இங்கயே போனைப் பார்த்துட்டு இருக்கேன், ஏதாவது மாறுனா கத்தறேன்.

ரூமுக்குப் போயிட்டீங்களா தம்பி? பொட்டி மேஜை மேல இருக்கும், பாருங்க! கோகிலா அங்க இருக்கறாளா? இல்லியா? சரி சரி, வந்துருவா!

தம்பி! நீலம்! நீலம் வந்துருச்சு! அப்படியே விட்டுட்டு வாங்க, ஒண்ணையும் தொடாதீங்க!

வாங்க, வாங்க. கை குடுங்க. நீங்கதாங்க ஆளு. என்ன பண்ணுனீங்க? உறையக் கழட்டுனீங்களா. சரி, வேற என்ன பண்ணுனீங்க?

வேற ஒண்ணும் பண்ணலையா?

ஏனுங்க, அத எதுக்கு உங்க பைக்குள்ள திணிக்கறீங்க? அழுக்குன்னா என்ன, அவ தொவைச்சுக்குவா. இங்க குடுங்க. குடுங்க தம்பி.

கனமா இருக்குதே. இங்க டிவி பக்கத்துப் பொட்டியோட உறை இத்தனை கனம் இல்லையே. உள்பக்கம் என்ன இது? வெள்ளித்தாளு.

இது எனக்குத் தெரியும். வைஷாலி சோத்துப் பையி. அதை அறுத்துப் பிரிச்சு, நாலு பக்கத்துக்கும் மேலுக்கும் அளவெடுத்து, பூத்துணிக்கு உள்ள வெச்சுத் தைச்சிருக்குது. தையல் வெளிய தெரியல பாருங்க. இந்தத் தாளுதான் அலைய அடைச்சுட்டு இருந்திருக்குது.

வெள்ளிக்கெழமை தொவைக்கறதுக்குக் கழட்டுவா. ஆளு வர்றாங்கன்னா ரூமச் சுத்தம் பண்றேன்னு மொதல்லயே மேல போயிருவா. அப்பக் கழட்டியிருப்பா. நான் மீனைக் கொண்டு போயி விட்டேன். மரத்த வெட்டுனேன். செவுத்த இடிச்சேன் தம்பி, கட்டுன செவுத்த. பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாளே. அந்தக் கிரைண்டர்ல அன்னைக்கு மாவு இருந்துச்சா, சும்மா ஓடுச்சா?

கோகிலா!

கோகிலா!

இருங்க, போன்ல பார்க்கறேன். மாடி ரூமு. எவ்வளவு தெளிவாத் தெரியுது, கண்ணாடி போடாமயே தெரியுது. சேலையெல்லாம் மடிச்சுக் கட்டல் மேல அடுக்கி வெச்சிருக்கறா, நான் சொன்ன மாதிரியே. பீரோ தெறந்து கெடக்குது. மேல்தட்டுக் காலி. சாவி கதவுலயே தொங்குது.

கட்டுத்தரை. பின்கதவு தெறந்திருக்குது. நாய் சந்தப் பார்த்து வாலாட்டிட்டு நிக்குது.

நாலும் நீலம் தம்பி. ஊட்டுல ஒரு மூலை பாக்கியில்லாமத் தெரியுது. ஒருத்தரும் இல்ல.

போன் அடிக்குது. அண்ணன்.

எடுக்கல. அடிச்சு ஓயட்டும். மத்தியானம் தூங்கி எந்திரிச்சதும் அவரு எனக்குத்தான் மொதல்ல போடுவாரு. நான் எடுத்தா, என்னன்னு கேப்பாரு, நான் சொல்லீருவேன். அவரு கேட்டு நான் சொல்லாம இருந்ததே இல்ல. எடுக்காட்டி அவரே அவரு போன்ல பார்ப்பாரு. கண்ணாடியத் தேடிட்டு இருப்பாரு இப்ப. அவ நடந்துதான் போயிருக்கோணும். பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் போயிருக்க மாட்டா. அந்தச் சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் மாரோட கட்டிப் புடிச்சுட்டு வெயில்ல போயிட்டு இருப்பா. பசங்க பைக் எடுத்தா அந்தத் திருப்பத்துலயே புடிச்சுருவாங்க.

சுகந்தியக் குளிப்பாட்டுறதுக்கு அவ இருந்தா. அவளக் குளிப்பாட்ட எங்கூட்டுல ஆரு இருக்கறா தம்பி?

மறுபடியும் அடிக்குது.

தம்பி, பெரிய பொட்டிய அணைக்காதீங்க. மொத்தமா அத்துப் போனா அவருக்குச் சந்தேகம் வந்துரும். மஞ்சள்னா அவருக்குப் பழகிப்போச்சு, நின்ன படம்னு விட்டுருவாரு. மேல போங்க. மொதல்ல பீரோவச் சாத்துங்க, சாத்துனா சாத்துன படமே நிக்கட்டும். பொறவு இந்த உறையப் பழையபடி பொட்டி மேல மாட்டுங்க. நாடாவ இறுக்கிக் கட்டுங்க, எங்கயும் தூக்கிக்கிட்டு நிக்கப்படாது.

ஏன் என்னையவே பார்த்துட்டு நிக்கறீங்க? எனக்கு முடிஞ்சா நான் ஏற மாட்டனா. சீக்கிரம், வெசையாப் போங்க தம்பி.